கம்பார் ஆறு வைத்த பரீட்சை

கோப்பெங்கில் கடல் கிடையாது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே பழைய ஈய நிலம், நடுவே பழைய கடை வீடுகள் வரிசை கட்டி நிற்கும் ஒரு தெரு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் லுமுட் வரை போக வேண்டும். அப்படிப்பட்ட ஊருக்குத்தான், கடலுக்குள் சுழல வேண்டிய ஒரு கருவியைக் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனோம்.

கருவி என் அக்கா மகளுடையது. இயந்திரப் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். கடல் ஏறும்போதும் வற்றும்போதும் குறுகலான நீரிணைகளில் தண்ணீர் ஆறு மாதிரி ஓடும். அந்த ஓட்டத்துக்குள் காற்றாடி போன்ற ஒரு டர்பைனை அமிழ்த்தி மின்சாரம் எடுக்கலாம். கடலோத மின்சாரம் என்கிறார்கள். அவள் செய்திருப்பது அரை மீட்டர் அகலமுள்ள சின்ன மாதிரி. பல்கலைக்கழகத்துச் சோதனைத் தொட்டியில் அது அழகாகச் சுழன்று, நல்ல மதிப்பெண் வாங்கித் தரக்கூடிய வரைபடத்தையும் கொடுத்துவிட்டது. பிறகென்ன பிரச்சினை என்று கேட்டேன்.

"தொட்டியில தண்ணி ரொம்ப மரியாதையா வருது சித்தி. கடல்ல அப்படி வராதே" என்றாள்.

கடலில் இறக்கிப் பார்க்கப் படகு வேண்டும், முக்குளிப்பவர் வேண்டும், அனுமதி வேண்டும். மாணவியின் கைக்காசுக்கு அது ஆகாது. ஆனால் கடலோதம் என்பது ஒரு நாளில் ஏறக்குறைய நான்கு முறை திசை மாறும் ஆறுதானே? ஒரு திசையை மட்டும் பார்க்க, பாறையில் மோதி நுரைத்து ஓடும் ஓர் ஆறு போதும். அந்த ஆறு கோப்பெங்கில் இருக்கிறது. கூடவே என் மாமாவும் இருக்கிறார். அம்மாவின் அண்ணன். எழுபது தாண்டியவர். அவர் வீட்டில் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பஞ்சமில்லை.

போகும் வழி

ஈப்போவிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வருபவர்களுக்குக் கோப்பெங் என்று தனி வெளிவழியே உண்டு. நான் எப்போதும் பரிந்துரைப்பது ரயில். பத்து காஜாவில் இறங்கி, அங்கிருந்து காரில் வந்தால் வழியில் கெல்லீஸ் காசல் வரும். அந்த முடிக்கப்படாத மாளிகையைப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர், அதற்குப் பக்கத்தில் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட மாரியம்மன் கோயிலைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். பேயைத் தேடிப் போகிறவர்களுக்கு அம்மன் கண்ணில் படுவதில்லை போலும்.

கோப்பெங் ஈயத்தால் வளர்ந்த ஊர். கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க அப்படித்தான் என்றாலும், இங்கே ஒரு விசேஷம் உண்டு. இந்த ஊர் மண்ணைத் தோண்டியது மண்வெட்டி மட்டும் இல்லை, தண்ணீரும்தான். கோப்பெங் கன்சாலிடேட்டட் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்கள் மலையிலிருந்து ஆற்று நீரைப் பெரிய இரும்புக் குழாய்களில் இறக்கிக் கொண்டுவந்தன. 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர், நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் அளவுக்குக் கூடுதல் அழுத்தத்தைத் தரும். மலை உயரத்துக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் இல்லை, டீசல் இல்லை. கீழே வந்ததும் பீரங்கி மாதிரியான ஒரு குழல் வழியாக அந்தத் தண்ணீர் பாய்ந்து மண்மேட்டை உடைக்கும். அந்தக் குழலுக்கு மானிட்டர் என்று பெயர். மலைப் பக்கம் போகும் வழியில் துருப்பிடித்த பழைய குழாயை இன்றும் பார்க்கலாம். காரை நிறுத்திப் படம் எடுக்காமல் யாரும் போவதில்லை.

மாமா இளவயதில் ஈய லம்பத்தில் வேலை பார்த்தவர். 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது, மற்றப் பலரைப் போல அவரும் வேலையை விட்டு வெளியே வந்தார். டர்பைனைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "இதுக்குத் தண்ணி எப்படி வரும், நேராவா, முறுக்கிக்கிட்டா?" என்பதுதான். என் அக்கா மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய ஆசிரியர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது.

மாமாவுக்கு அது மானிட்டரிலிருந்து வந்த அறிவு. குழாயில் வளைந்து வளைந்து வரும் தண்ணீர் முறுக்கிக்கொண்டே வரும். அப்படியே வெளியே விட்டால் கொஞ்ச தூரத்திலேயே துடைப்பம் போல விரிந்து சிதறிவிடும். அதனால் இத்தகைய குழல்களின் உள்ளே நீளவாக்கில் தகடுகளை வைத்து முறுக்கை எடுப்பார்கள். தண்ணீர் கம்பி மாதிரி நேராகப் போய் மண்ணைக் குத்தும். இதையே என் அக்கா மகளின் சோதனைத் தொட்டியிலும் செய்திருக்கிறார்கள். தண்ணீர் நுழையும் வாயில் தேன்கூடு மாதிரி ஒரு தட்டி இருக்கிறதாம். சுழிகளையெல்லாம் அது வடித்துவிடும். மண்ணை உடைக்க அன்று செய்த வேலையை, மதிப்பெண் வாங்க இன்று செய்கிறார்கள் என்று மாமாவிடம் சொன்னேன். சிரித்தார்.

இதை நான் என் தொழிலை வைத்துப் புரிந்துகொண்டேன். ஒலிப்பதிவு அறையில் நாலு பக்கமும் பஞ்சு வைத்து அடைத்திருப்பார்கள். அங்கே எந்த மைக்கை வைத்தாலும் குரல் தேன் மாதிரி இருக்கும். அதே மைக்கைத் தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோனால்தான் அதன் யோக்கியதை தெரியும். காற்று, உறுமி, பக்கத்தில் அழும் குழந்தை. மைக் கெட்டுப்போகவில்லை. சோதித்த இடம் வேறு, வேலை செய்யும் இடம் வேறு.

ஆற்றில்

சுங்கை கம்பார் ரப்பர் படகுச் சவாரிக்குப் பெயர் பெற்றது. இருபதுக்கு மேற்பட்ட பாய்ச்சல்கள் இருப்பதாகச் சொல்வார்கள். குடும்பத்தோடு போகக்கூடிய அளவுதான். எங்களுக்கு உதவிய வழிகாட்டி ஒரு செமாய் இளைஞர். தண்ணீரைப் பார்த்தே கீழே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரு பாறைக்குப் பின்னால் படகை நிறுத்திக் காட்டினார். ஆறு முழுவதும் கீழ்நோக்கி ஓட, பாறையின் முதுகுப்பக்கம் மட்டும் தண்ணீர் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. படகு துடுப்புப் போடாமலே அங்கே நின்றது. இன்னோர் இடத்தில், கண்ணாடி வட்டம் போலப் பளபளவென்று அமைதியாக இருந்த தண்ணீரைக் காட்டி, அங்கேதான் கவனம் தேவை என்றார். அடியில் இருக்கும் கல்லில் மோதிய சுழல் மேலே வந்து விரியும் இடம் அது. கடல் நீரிணைகளிலும் இதே வட்டங்களைப் பார்க்கலாமாம்.

நாங்கள் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்று, பாய்ச்சல்களிலிருந்து தள்ளி, ஆறு நீளமாக நேராக ஓடும் ஓர் இடம். இன்னொன்று, ஒரு பாய்ச்சலுக்குக் கொஞ்சம் கீழே. இரண்டிலும் ஓட்டத்தின் சராசரி வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அதைப் பார்க்க அவள் கொண்டுவந்த கருவி ஒரு பக்கம் இருக்க, மாமா தன் முறைப்படி ஒரு பை நிறைய சீனப் பெருநாள் ஆரஞ்சுகளைக் கொண்டுவந்துவிட்டார். கரையில் பத்து மீட்டர் கயிறு நீட்டி, ஆரஞ்சை விட்டு, கடிகாரத்தில் நேரம் பார்ப்பது. ஆரஞ்சு முக்கால்வாசி நீருக்குள் மூழ்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. பழைய முறை, நல்ல முறை. நேரான இடத்தில் ஆரஞ்சுகள் வரிசையாக வந்தன. பாய்ச்சலுக்குக் கீழே ஒன்று முந்தியது, ஒன்று பிந்தியது, ஒன்று பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு வரவே இல்லை. சராசரி என்னவோ ஒத்துத்தான் வந்தது.

டர்பைனைச் சட்டத்தில் பூட்டிக் கயிறு கட்டி இறக்கினோம். நேரான இடத்தில் கைப்பேசித் திரையில் கோடு கொஞ்சம் நடுங்கி, தொட்டியில் பார்த்ததுபோலவே நின்றது. பாய்ச்சலுக்குக் கீழே அதே கோடு ரம்பப் பல் மாதிரி ஆகிவிட்டது. டர்பைன் சில நொடி வெறிபிடித்தாற்போல் சுற்றும், அடுத்த நொடி மூச்சு வாங்கும். இரண்டு முறை நின்றே போனது. அரை மணி நேரத்தில் சட்டத்தின் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. கயிற்றைப் பிடித்திருந்த என் கைக்கும் அந்த உதறல் நன்றாகத் தெரிந்தது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஓடும் தண்ணீரிலிருந்து கிடைக்கக்கூடிய ஆற்றல், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. வேகம் வெறும் 10 சதவீதம் கூடினால் ஆற்றல் 33 சதவீதம் கூடும். 10 சதவீதம் குறைந்தால் 27 சதவீதம் விழும். அதனால் சராசரி வேகம் என்ற ஒற்றை எண்ணை நம்பவே முடியாது. ஓர் உதாரணம். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சீராக ஓடும் தண்ணீர் ஒன்று. பாதி நேரம் 1 மீட்டர், பாதி நேரம் 3 மீட்டர் என்று ஓடும் தண்ணீர் இன்னொன்று. சராசரி இரண்டுக்கும் 2 தான். மும்மடி போட்டுப் பாருங்கள். முதலாவதற்கு 8. இரண்டாவதற்கு 1க்கும் 27க்கும் சராசரி, அதாவது 14.

அப்படியானால் கொந்தளிக்கும் தண்ணீரில் மின்சாரம் கூடத்தானே வேண்டும் என்று நானும் கேட்டேன். தண்ணீரில் ஆற்றல் இருப்பது வேறு, துடுப்பு அதைப் பிடிப்பது வேறு. துடுப்பு விமான இறக்கை மாதிரி. தண்ணீர் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வந்தால்தான் அதற்கு உந்துதல் கிடைக்கும். சுழி வரும்போது வேகம் மட்டுமா மாறுகிறது, திசையும் மாறுகிறது. கோணம் தப்பினால் தண்ணீர் துடுப்பைவிட்டுப் பிரிந்துவிடும், உந்துதல் போய்விடும். சுழியின் அளவும் முக்கியம். துடுப்பைவிட மிகச் சின்னச் சுழிகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். டர்பைனைவிட மிகப் பெரியவை, மொத்த ஓட்டமும் கூடிக் குறைவதுபோலத் தோன்றும். டர்பைன் அளவிலேயே வருபவைதான் வம்பு. ஒரு துடுப்பை அடித்து, அடுத்த துடுப்பை விட்டுவிடும்.

நிமிடத்துக்கு 10 சுற்று என்ற மெதுவான வேகத்தில் சுற்றும் பெரிய கடல் டர்பைன்கூட ஒரு முழு நாளுக்கு 14,400 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் துடுப்பு கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பதுபோலத்தான். நான் ஆற்றில் பார்த்த தளர்ந்த போல்ட் அந்தக் கதையின் முதல் வரி.

பெல்ஃபாஸ்டில் பிறந்த ஒருவர்

தண்ணீர் எப்போது ஒழுங்காக ஓடும், எப்போது கலங்கும் என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். 1842இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். 1883இல் மான்செஸ்டரில் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவே மெல்லிய சாயக் கோடு ஒன்றை விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது சாயம் நூல் மாதிரி நேராகப் போனது. வேகத்தைக் கூட்டக் கூட்ட, ஒரு கட்டத்தில் நூல் நெளிந்து, உடைந்து, குழாய் முழுக்கப் பரவிவிட்டது. (கோப்பெங் சுரங்கங்களை நிர்வகித்த ஈப்போ நிறுவனத்தின் பெயரும் 'ஆஸ்போர்ன் அண்ட் சப்பல்'. அந்த ஆஸ்போர்ன் வேறு, இவர் வேறு. வானொலிப் புதிர்ப் போட்டிக்கு நல்ல கேள்வி.)

ரெனால்ட்ஸ் பிறந்த ஊருக்கு அருகிலேயே ஸ்ட்ராங்ஃபர்ட் நீரிணை இருக்கிறது. 2008இல் அங்கே சீஜென் என்ற 1.2 மெகாவாட் கடலோத டர்பைன் நிறுவப்பட்டது. அதே நீரிணையில் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாங்கள் கோப்பெங்கில் விளையாட்டாகச் செய்ததை முறையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு டர்பைனை அசையாத தண்ணீரில் படகால் தள்ளிக்கொண்டு போய் அளந்தார்கள். பிறகு ஓடும் கடல் நீரில் கட்டி நிறுத்தி அளந்தார்கள். படகு தள்ளுவதும் நீர் ஓடுவதும் கணக்கில் ஒன்றுதான். ஆனால் ஓடும் நீரில் அளவீட்டுப் புள்ளிகள் சிதறின, திறனும் குறைவாகத் தெரிந்தது.

கொந்தளிப்பைச் சதவீதத்தில் சொல்கிறார்கள். வேகம் தன் சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் கணக்கு அது. சீரான சோதனைத் தொட்டிகளில் 2, 3 சதவீதம் இருக்கும். கடல் நீரிணைகளில் 10 சதவீதத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ வருவது சாதாரணம். பிரான்சின் இஃப்ரெமெர் கடலாய்வு நிறுவனம் தன் தொட்டியில் வேண்டுமென்றே 3 சதவீதமும் 15 சதவீதமுமாகத் தண்ணீரைக் கலக்கி, மாதிரி டர்பைன்களைச் சோதித்தது. தேன்கூட்டுத் தட்டியை எடுத்துவிட்டால் தண்ணீர் முரடாகிவிடும். அவ்வளவு சுலபமான காரியம் என்பதால், என் அக்கா மகள் தன் தொட்டியிலும் அதைச் செய்து பார்க்க முடிவு செய்துவிட்டாள்.

உண்மையான கடலில் சோதிக்க விரும்புகிறவர்கள் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளுக்குப் போகிறார்கள். 2003இல் தொடங்கப்பட்ட ஐரோப்பியக் கடல் ஆற்றல் மையம் அங்கே இருக்கிறது. ஈடே தீவையொட்டிய அதன் சோதனைக் களத்தில் ஓட்டம் வினாடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வரை போகும். 2 மெகாவாட் திறனுள்ள ஓ2 என்ற மிதக்கும் டர்பைன் 2021இல் அங்கேதான் மின்சாரம் தரத் தொடங்கியது.

இதில் பணம் எவ்வளவு போகும் என்பதற்கு ஒரு கதை போதும். கனடாவின் ஃபண்டி வளைகுடா உலகிலேயே கடல் மிக உயரமாக ஏறி இறங்கும் இடம். 2009 நவம்பரில் ஓப்பன்ஹைட்ரோ என்ற அயர்லாந்து நிறுவனத்தின் 1 மெகாவாட் டர்பைனை அங்கே கடலடியில் வைத்தார்கள். 10 மீட்டர் விட்டம், சுமார் 400 டன் எடை. சில வாரங்களிலேயே துடுப்புகள் உடைந்துபோயின. அடுத்த ஆண்டு டிசம்பரில்தான் அதை மேலே எடுக்க முடிந்தது. வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அங்கே ஓட்டம் மிக வலுவாக இருந்தது. இதற்குக் கொந்தளிப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இயந்திரத்தை அளந்த அளவுக்குத் தண்ணீரை அளக்கவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஒலியால் அளப்பது

கடல் நீரின் வேகத்தை அளக்க இன்று பெரும்பாலும் ஒலியைத்தான் பயன்படுத்துகிறார்கள். என் காது இங்கேதான் விடைத்தது. கடலடியில் ஒரு கருவியை வைத்து, மேல்நோக்கிப் பல கோணங்களில் ஒலித் துடிப்புகளை அனுப்புவார்கள். தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களில் பட்டு எதிரொலி திரும்பும். ஆம்புலன்ஸ் நம்மை நெருங்கும்போது சத்தம் கூர்மையாகவும், கடந்த பிறகு மந்தமாகவும் கேட்கிறதே, அதே டாப்ளர் விதிதான். எதிரொலியின் சுருதி மாறியதை வைத்துத் துகளின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள்.

இதிலும் ஒரு சிக்கல். ஒலிக் கதிர்கள் குடைக்கம்பி மாதிரி விரிந்துகொண்டே போகின்றன. உயரம் கூடக் கூட, ஒரு கதிர் பார்க்கும் தண்ணீர் வேறு, இன்னொரு கதிர் பார்க்கும் தண்ணீர் வேறு. இரண்டுக்கும் நடுவே புகுந்து போகும் சின்னச் சுழி கணக்கில் வராது. கருவியின் சொந்த இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். அது தண்ணீரின் கொந்தளிப்பா, கருவியின் இரைச்சலா என்று பிரித்தெடுப்பது தனி வித்தை. ஒலிப்பதிவில் வரும் 'ஸ்ஸ்' சத்தத்தை எடுக்கப்போய் பேசியவரின் மூச்சையும் சேர்த்து வெட்டிவிடும் எங்கள் புது ஒலிப்பொறியாளர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

சோதனை முடிவுகளை எழுதுவதற்குச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2013இல் ஒரு விதிமுறையே வெளியிட்டிருக்கிறது. நொடிக்கு நொடி மாறும் அளவுகளைச் சில நிமிடங்களுக்கு ஒரு சராசரியாகத் தொகுத்துத்தான் டர்பைனின் திறனைச் சொல்ல வேண்டும். ஒரு கருவியை இன்னொன்றோடு ஒப்பிட அது தேவைதான். ஆனால் சராசரி எடுக்கும்போது ரம்பப் பற்கள் மழுங்கிவிடும். வாங்குகிறவருக்கு அந்தப் பற்களும் தெரிய வேண்டும். டீசல் ஜெனரேட்டரை நம்பி வாழும் தீவில் ஒரு கிராமம் இதை வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் எடுத்த எண்ணை நம்பி வாங்கிவிட்டு, மாதக் கடைசியில் ஃப்ரிட்ஜ் ஓடாமல் மீன் கெட்டால் அவர்கள் யாரைக் கேட்பார்கள்?

பாலோங்கும் சுழியும்

அன்று இரவு மாமா வீட்டில் அத்தை வைத்த மீன் குழம்பும் பேச்சும் நீண்டன. கொந்தளிப்பை எதிரி மாதிரியே பேசிக்கொண்டிருந்த எங்களை மாமா நிறுத்தினார். பாலோங் கதையைச் சொன்னார். உடைத்த மண்ணையும் நீரையும் சேர்த்து ஓடவிடும் நீளமான சரிவு மரத் தொட்டிதான் பாலோங். குறுக்கே கட்டைகள் வைத்திருப்பார்கள். ஈயக் கல் தண்ணீரைப்போல ஏறக்குறைய 7 மடங்கு கனம். மணல் இரண்டரை மடங்குதான். கட்டையில் மோதித் தண்ணீர் சுழலும்போது மணல் எழும்பிப் போய்விடும், ஈயம் அடியில் தங்கும். தண்ணீர் அமைதியாகப் போனால் மணலும் படிந்துவிடும். ரொம்ப முரட்டுத்தனமாகப் போனால் ஈயமும் போய்விடும், முதலாளி திட்டுவார். "சுழி வேணும். எவ்வளவு வேணும்னு தெரியணும்" என்றார். ஆள் வைத்துக் கிளறிவிட்டுக்கொண்டே இருப்பார்களாம்.

அந்த பிரெஞ்சுத் தொட்டியில் கண்டதும் ஏறக்குறைய இதுதான். ஒரு டர்பைனைத் தாண்டி வரும் தண்ணீர் வேகம் இழந்து, நிழல் மாதிரி நீளமாக நீளும். அந்த நிழலுக்குள் அடுத்த டர்பைனை வைத்தால் அதற்குத் தீனி கிடைக்காது. 3 சதவீதக் கொந்தளிப்பில் அந்த நிழல் வெகுதூரம் நீண்டது. 15 சதவீதத்தில் சுற்றியுள்ள நீர் சீக்கிரமே கலந்து, நிழல் விரைவில் கலைந்தது. ஒற்றை டர்பைனை உதறி எடுக்கும் அதே சுழிகள், பத்து டர்பைன்களை நெருக்கமாக நடுவதற்கு உதவுகின்றன. பாலோங் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள், கோப்பெங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் கம்பாரில் இருக்கும் ஈயச் சுரங்க அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.

நம் கடல்களுக்கு இதெல்லாம் பொருந்துமா? மலாக்கா நீரிணையில் ஆர்க்னி அளவுக்கு வேகம் கிடையாது. மெதுவான நீரில் ஓடும் டர்பைன்தான் நமக்குத் தேவை. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அந்த வழியில் முயன்றிருக்கிறது. அந்தமானின் மெக்பெர்சன் நீரிணையில் அவர்கள் தங்கள் ஓட்ட டர்பைனை இறக்கிச் சோதித்தார்கள். அதற்கு முன்பே, 1991இல், சென்னை ஐஐடி பொறியாளர்கள் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் 150 கிலோவாட் நிலையத்தை அமைத்தார்கள். அது ஓதம் இல்லை, அலை. ஆனாலும் ஒழுங்கில்லாத கடலோடு மல்லுக்கட்டிய முன்னோடி வேலை அது.

மெதுவான நீருக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஓட்டம் குறைவாக இருக்கும்போது, கப்பல் கிளப்பும் அலையும் அடியில் உள்ள கல்லும் செய்யும் கலக்கம் விகிதத்தில் பெரிதாகத் தெரியும். இரைச்சல் அதே அளவில் இருக்க, குரல் மட்டும் சன்னமாகிவிடுவதுபோல.

கோப்பெங் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆற்றுக்கு வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள். மேலே மலையில் மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கெப்பாலா ஆயர் வந்துவிடும். தண்ணீர் திடீரென்று பழுப்பாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் கூட்டமாக வந்தாலோ கரை ஏறிவிடுங்கள். அன்று மதியம் மூன்று மணிக்கு எங்கள் வழிகாட்டி மலைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கட்டச் சொன்னார். என் அக்கா மகள் இன்னும் பத்து நிமிடம் கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை.

அவளுடைய அறிக்கையில் இப்போது தொட்டி எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்திகள் இருக்கின்றன. நேரான ஓட்டத்தில் ஒன்று, பாய்ச்சலுக்குக் கீழே ஒன்று. மூன்றாவதைப் பார்த்தால் முதலாவது கொஞ்சம் வெட்கப்படும். நேரான ஓட்டத்தோடு நிறுத்தியிருந்தால் போட்டிக்கு அனுப்ப வசதியாக இருந்திருக்கும் என்று அவளுடைய தோழி ஒருத்தி சொன்னாளாம். இவள் அந்தப் பத்தியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாள். நின்றுபோன இரண்டு முறையையும் நேரத்தோடு குறித்திருக்கிறாள்.

அடுத்தது லுமுட். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டித்தான் ஓட்டம் வலுவாக இருக்கும் என்பதால் ஒரு பௌர்ணமியைப் பார்த்து நாள் குறித்திருக்கிறார்கள். மாமாவும் வருகிறாராம். படகு ஆடினால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று அத்தை இரண்டு முறை தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஆரஞ்சு இப்போது சீசன் இல்லை, வேறென்ன மிதக்கும் என்று மாமா கேட்டுக்கொண்டிருக்கிறார்.